தள்ளாத வயது

எங்கள் பெரியக்கா காலமாகி வருகிற தை மாதத்தோடு 16 வருடம் முடிகிறது. அப்போது அவருக்கு வயது 81. துக்கம் விசாரிக்க வந்தவர்களிடமெல்லாம் நான் சொன்னது ஒன்றுதான்: "தள்ளாத வயசு, வேறென்ன சொல்றது?" கேட்டவர்களும் தலையை ஆட்டிவிட்டுப் போனார்கள். அந்த வார்த்தைக்கு மேல் யாருக்கும் விளக்கம் தேவைப்படவில்லை. எனக்கும்தான்.

நடந்தது இது. அதற்கு முந்தைய வருட மார்கழியில் அக்காவுக்குக் காய்ச்சல் வந்தது. சளி நெஞ்சில் இறங்கிவிட்டது என்று ஒரு மருத்துவமனையில் சேர்த்தோம். பத்து நாளில் காய்ச்சல் விட்டது. ஆனால் அந்தப் பத்து நாளும் அக்காவைக் கட்டிலை விட்டு இறக்கவில்லை. வீட்டுக்கு வந்த பிறகு, உடம்பு தேறட்டும் என்று நாங்களும் இறக்கவில்லை. சாப்பாட்டுத் தட்டு கட்டிலுக்கு வந்தது, வெந்நீர் வந்தது, பெட்பேனும் வந்தது. ஐந்து பிள்ளைகள் உள்ள வீடு. ஆளுக்கு ஆள் போட்டி போட்டுக்கொண்டு கவனித்தார்கள். ஒரு மாதம் கழித்து இரண்டு பேர் பிடித்து எழுப்பி நிறுத்தியபோது கால் நிற்கவில்லை. காய்ச்சலுக்கு முதல் நாள் காலை வாசலில் குனிந்து மார்கழிக் கோலம் போட்டவர் அவர். அதன் பிறகு பதின்மூன்று மாதம் படுக்கையிலேயே இருந்து போய்ச் சேர்ந்தார்.

அந்தக் கோலத்துக்கும் நிற்காத காலுக்கும் நடுவில் என்ன நடந்தது என்று அப்போது நான் யோசிக்கவில்லை. யோசிக்க வைத்தது சென்ற வருடம் எனக்கு வந்த ஒரு சின்ன அவமானம்.

புதுச்சேரியில் என் வயதுக்காரர்கள் சிலர் மாலையில் பெத்தாங்க் விளையாடுவோம். எங்கள் பேச்சில் வெறும் 'பூல்'. முக்கால் கிலோ எடையுள்ள எஃகுக் குண்டு. எறிவதற்கு அதிகம் பலம் வேண்டாம். எறிந்ததைக் குனிந்து எடுக்கத்தான் பலம் வேண்டும். பாரிசிலிருந்து வந்த என் மருமகன் ஒரு கயிற்றில் கட்டிய காந்தம் கொண்டுவந்து கொடுத்தார். கயிற்றை இறக்கினால் குண்டு ஒட்டிக்கொள்ளும், நின்றபடியே தூக்கிக்கொள்ளலாம். பிரான்சில் வயதானவர்கள் எல்லாரும் இப்படித்தானாம். நானும் பெருமையோடு கொண்டுபோனேன். எங்கள் ஆட்டத்தில் மூத்தவர் ஒரு சொல்தா, பிரெஞ்சுப் பட்டாளத்துப் பென்ஷன்காரர். என்னைவிட ஐந்து வயது பெரியவர். அவருக்கும் ஒன்று வாங்கி வரச் சொல்லட்டுமா என்று கேட்டேன். "குனிஞ்சு எடுக்கிறதுதாம்ப்பா ஆட்டமே. அதையும் வுட்டுட்டா நமக்கு என்ன மிச்சம்?" என்று சொல்லிவிட்டு, மூன்று குண்டையும் ஒவ்வொன்றாகக் குனிந்து பொறுக்கிக்கொண்டார். நான் காந்தத்தைப் பையில் வைத்துவிட்டுக் குனிந்தேன். குனிந்துவிட்டேன். நிமிர்வதற்குத் தொடையில் கை ஊன்ற வேண்டியிருந்தது. அப்படியும் ஒரு தடுமாற்றம்.

மறு வாரம் எங்கள் தெருவில் இருக்கும் இளம் டாக்டரிடம் இதைச் சொன்னபோது, அவர் ஸ்டெதஸ்கோப்பைத் தொடவே இல்லை. கைகளை மார்பில் கட்டிக்கொண்டு நாற்காலியிலிருந்து ஐந்து முறை எழுந்து உட்காருங்கள் ஐயா என்றார். செல்போனில் நேரம் பார்த்தார். 19 வினாடி. கடைசி இரண்டு முறை கை தானாகவே பிரிந்து நாற்காலியைப் பிடித்தது. "12 வினாடிக்குள்ள முடியணும்" என்றார். பிறகு ஆங்கிலத்தில் 'ஃபிரெயில்ட்டி' என்றார். நான் பிரெஞ்சு வழியில் படித்தவன்; எனக்கு அது உடனே 'ஃப்ராஜில்' என்று கேட்டது. கண்ணாடிச் சாமான் பெட்டிகளின் மேல் சிவப்பு எழுத்தில் அச்சடித்திருப்பார்களே, அந்தச் சொல். வீட்டுக்கு வந்து தேடிப் படிக்க ஆரம்பித்தேன். இங்கே எழுதுவது அப்படிப் படித்துத் தெரிந்துகொண்டது.

முதுமை வேறு, முதுமையில் வரும் நோய் வேறு என்று பிரித்துப் பார்க்க வேண்டும் என்ற எண்ணம் புதிதல்ல. பாரிசில் சால்பெத்ரியேர் என்ற பெரிய விடுதியில் ஆயிரக்கணக்கான ஏழைக் கிழவிகளை வைத்திருந்தார்கள். 1860களில் அங்கே பணியாற்றிய ஷார்கோ என்ற மருத்துவர் அவர்களைப் பரிசோதித்து, முதியோர் நோய்கள் பற்றித் தனியாகவே சொற்பொழிவுகள் நடத்தினார். பிற்காலத்தில் நரம்பு நோய்களுக்காக உலகப் புகழ் பெற்றவர் அவர்தான். ஆனால் நோயைப் பிரித்து அறிவது ஒன்று, படுத்திருப்பவரை எழுப்பி நடக்க வைப்பது வேறொன்று. அதற்கு இன்னும் எழுபது வருடம் ஆயிற்று. செய்தவர் ஒரு பெண்மணி.

மார்ஜரி வாரன். லண்டனுக்கு மேற்கே வெஸ்ட் மிடில்செக்ஸ் மருத்துவமனையில் டாக்டர். 1935ல் பக்கத்திலிருந்த ஏழைகள் விடுதியின் நோயாளிப் பிரிவை அந்த மருத்துவமனையோடு சேர்த்தார்கள். அதிலிருந்த 714 பேரும் இவர் பொறுப்புக்கு வந்தார்கள். வயதானவர்கள், பக்கவாதம் வந்தவர்கள், புத்தி தடுமாறியவர்கள், போக இடமில்லாதவர்கள் என்று எல்லாரும் கலந்து கிடந்தார்கள். பலர் வருடக்கணக்கில் கட்டிலை விட்டு இறங்கியதில்லை. இறங்கச் சொன்னவரும் இல்லை. குணமாகாதவர்கள் என்று முத்திரை குத்தியாகிவிட்டது. வாரன் செய்த முதல் காரியம், 714 பேரையும் ஒவ்வொருவராகப் பரிசோதித்ததுதான். நான் முப்பத்தைந்து வருடம் கோப்புகளோடு வாழ்ந்தவன். 'முடிந்தது' என்று எழுதிக் கட்டிவைத்த 714 கோப்புகளை ஒருவர் தானே முன்வந்து மறுபடி பிரித்துப் படிப்பது எவ்வளவு அபூர்வம் என்று எனக்குத் தெரியும்.

அவர் பிரித்துப் பார்த்ததில், படுத்தே இருக்க வேண்டிய காரணம் இல்லாதவர்கள் நிறைய பேர் இருந்தார்கள். சுவருக்கு வெளிர் நிறம் அடித்தார், நல்ல வெளிச்சம் வைத்தார், பிடித்து நடக்கக் கைப்பிடிக் கம்பிகள் போட்டார், எழுந்து உட்கார ஏற்ற நாற்காலிகள் வாங்கினார். உடற்பயிற்சி கொடுத்தார். எழுந்தார்கள், நடந்தார்கள், பலர் வீட்டுக்கும் போனார்கள். 714 படுக்கைகள் கடைசியில் சுமார் 240 ஆயின. 1943லும் 1946லும் அவர் எழுதிய கட்டுரைகளிலிருந்துதான் இங்கிலாந்தில் முதியோர் மருத்துவம் தனித்துறையாக வளர்ந்தது. 1960ல் ஒரு மாநாட்டுக்குப் போகும் வழியில் சாலை விபத்தில் இறந்துபோனார். நம் ஊரில் அவர் பெயர் தெரிந்தவர் எத்தனை பேர் இருப்பார்கள்? எனக்கும் 75 வயதுக்குப் பிறகுதான் தெரிந்தது.

1947ல் ரிச்சர்ட் ஆஷர் என்ற இன்னொரு லண்டன் டாக்டர், படுக்கையில் போடுவதன் ஆபத்துகள் பற்றி ஒரு மருத்துவப் பத்திரிகையில் எழுதினார். நுரையீரலில் சளி தேங்கும், காலில் ரத்தம் உறையும், தோல் புண்ணாகும், தசை கரையும், எலும்பு சுண்ணாம்பை இழக்கும், மலச்சிக்கல் வரும், மனமும் சோர்ந்துபோகும் என்று உறுப்பு உறுப்பாகச் சொல்லிக்கொண்டு போகிறார். படுக்கைதான் வைத்தியம் என்று எல்லாரும் நம்பிய காலம் அது. (பீட்டில்ஸ் பாட்டு கேட்டு வளர்ந்தவர்களுக்கு ஒரு துணுக்கு: பால் மெக்கார்ட்னியோடு நிச்சயதார்த்தம் வரை போன நடிகை ஜேன் ஆஷர் இவருடைய மகள்தான்.) அக்காவைக் கட்டிலில் போட்டபோது அந்தக் கட்டுரைக்கு அறுபது வயது தாண்டிவிட்டது என்பதை நினைத்தால் எனக்கு இன்றும் ஒரு மாதிரி இருக்கிறது.

ஆஷர் எழுதியதை அளந்து பார்த்தவர்கள் பின்னால் வந்தார்கள். 1966ல் அமெரிக்காவில் டல்லாஸ் நகரில் இருபது வயது இளைஞர்கள் ஐந்து பேரை மூன்று வாரம் படுக்கையில் போட்டார்கள். எழுந்தபோது அவர்களுடைய உழைக்கும் திறன் வெகுவாகக் குறைந்திருந்தது. முப்பது வருடம் கழித்து அதே ஐந்து பேரையும் தேடிப் பிடித்து மறுபடி அளந்தார்கள். அப்போது அவர்களுக்கு ஐம்பது வயது, தொப்பையும் வந்திருந்தது. ஆச்சரியம் என்னவென்றால், முப்பது வருட வயது செய்ததைவிட, இருபது வயதில் படுத்த மூன்று வாரம் செய்த சேதம் அதிகமாக இருந்தது. ஐம்பது வயதில் ஆறு மாதம் பயிற்சி கொடுத்ததும் மூச்சுத்திறனில் இழந்ததைத் திரும்பப் பெற்றார்கள்.

இளைஞர்களுக்கே அப்படி என்றால் நமக்கு? 2007ல் வெளியான ஓர் ஆராய்ச்சியில், சராசரி 67 வயதுள்ள, எந்த நோயும் இல்லாத சிலரைப் பத்து நாள் படுக்க வைத்தார்கள். இரண்டு கால்களிலும் சேர்த்து ஏறக்குறைய ஒரு கிலோ சதை போய்விட்டது. பத்து நாள்! அக்கா மருத்துவமனையில் இருந்ததும் பத்து நாள்தான். அவருக்கு 80 வயது, காய்ச்சல் வேறு, அதற்கு மேல் ஒரு மாதம் எங்கள் கவனிப்பு. கணக்கு எனக்கு இப்போது புரிகிறது.

சதை கரைகிறது என்பது தெரிந்தும் அதற்கு ஒரு பெயர் இல்லாமல் இருந்தது. 1989ல் இர்வின் ரோசன்பர்க் என்ற அமெரிக்க ஆராய்ச்சியாளர் கிரேக்கச் சொற்களை இணைத்து 'சார்கோபீனியா' என்று பெயர் வைத்தார். சதை வறுமை என்று சொல்லலாம். பெயர் வைத்தால்தான் கவனிப்பார்கள் என்பது அவருடைய எண்ணம். அது சரிதான், கோப்பு எண் இல்லாத விஷயம் எந்த அலுவலகத்திலும் நகராது. 2016ல் அமெரிக்க நோய்ப் பட்டியலில் அதற்குத் தனிக் குறியீட்டு எண்ணும் கொடுத்துவிட்டார்கள்.

இப்போது நான் திரும்பத் திரும்பப் படித்த விஷயத்துக்கு வருகிறேன். 1990. பாஸ்டன் நகரில் யூத முதியோருக்கான ஒரு பெரிய மறுவாழ்வு மையம். மரியா ஃபியாட்டரோன் என்ற பெண் மருத்துவரும் அவர் குழுவினரும் அங்கே வசித்தவர்களில் பத்துப் பேரைத் தேர்ந்தெடுத்தார்கள். வயது 86லிருந்து 96 வரை, சராசரி 90. முதுமை நோய்கள் எல்லாம் உள்ளவர்கள், பலர் முன்பு விழுந்து அடிபட்டவர்கள். இந்தப் பத்துப் பேருக்கும் என்ன கொடுத்தார்கள் தெரியுமா? எடை. உட்கார்ந்தபடி முழங்காலை நீட்டி எடை தூக்கும் இயந்திரத்தில், அவரவர் ஒரே ஒரு முறை தூக்கக்கூடிய அதிகபட்ச எடையில் 80 சதவீதம். வாரம் மூன்று நாள், ஒவ்வொரு நாளும் எட்டு எட்டாக மூன்று முறை, எட்டு வாரம்.

தொண்ணூறு வயதுக் கிழவருக்கு எடை தூக்கும் பயிற்சி என்று நம் வீட்டில் யாராவது சொன்னால் என்ன நடக்கும்? பிள்ளைகள் சண்டைக்கு வருவார்கள், பக்கத்து வீட்டார் பாவம் என்பார்கள். அங்கே ஒன்பது பேர் எட்டு வாரத்தையும் முடித்தார்கள். கால் பலம் சராசரியாக 174 சதவீதம் கூடியிருந்தது. அதாவது 10 கிலோ தூக்கிய கால் 27 கிலோ தூக்கியது. தொடைத் தசையின் பரப்பு 9 சதவீதம் வளர்ந்திருந்தது. இரண்டு பேர் கைத்தடியை வைத்துவிட்டு நடந்தார்கள். கை ஊன்றாமல் நாற்காலியை விட்டு எழ முடியாதிருந்த மூன்று பேரில் ஒருவர் எழுந்தார். எல்லாரும் எழுந்தார்கள் என்று எழுதாமல் ஒருவர் என்று எழுதியிருக்கிறார்களே, அதனால்தான் எனக்கு அந்தக் கட்டுரை மேல் நம்பிக்கை வந்தது. இன்னொன்றையும் ஒளிக்கவில்லை. பயிற்சியை நிறுத்தி நாலு வாரத்தில், கூடிய நிலையிலிருந்து 32 சதவீதம் பலம் குறைந்துவிட்டது.

பத்துப் பேர் போதாது என்று சொல்வார்கள் அல்லவா? நாலு வருடம் கழித்து அதே மையத்தில் நூறு பேரை வைத்துச் செய்தார்கள். சராசரி வயது 87. இந்தமுறை நாலு பிரிவு: சிலருக்குப் பயிற்சி, சிலருக்குச் சத்துப் பானம், சிலருக்கு இரண்டும், சிலருக்கு இரண்டும் இல்லை. பத்து வாரத்தில் பயிற்சி செய்தவர்களின் பலம் 113 சதவீதம் கூடியது. மற்றவர்களுக்கு 3 சதவீதம். நடை வேகமும் மாடிப்படி ஏறும் பலமும் கூடின. பயிற்சி இல்லாமல் சத்துப் பானம் மட்டும் குடித்தவர்களுக்குப் பலன் ஒன்றும் தெரியவில்லை. இதைப் படித்தபோது அக்காவின் கட்டில் பக்கத்து அலமாரியில் வரிசையாக அடுக்கியிருந்த சத்துப் பான டின்கள் கண்ணில் வந்து நின்றன. பார்க்க வந்தவர்கள் ஆளுக்கொன்று வாங்கி வந்தார்கள். நான் வாங்கிப்போனவையும் அதில் இருந்தன.

சரி, படுக்கையில் விழுவதற்கு முன்னாலேயே இதைக் கண்டுபிடிக்க முடியாதா? 2001ல் பால்டிமோரில் லிண்டா ஃபிரீட் என்ற மருத்துவர் குழுவினர் 65 வயதைத் தாண்டிய 5,317 பேரின் விவரங்களை வைத்து ஐந்து அறிகுறிகளைச் சொன்னார்கள். ஒரு வருடத்தில் முயற்சி செய்யாமலே நாலரை கிலோ எடை குறைவது, கைப்பிடி பலம் குறைவது, எதைச் செய்யவும் அலுப்பாக இருப்பது, நடை மெதுவாவது, அன்றாட உடல் உழைப்பு சுருங்கிவிடுவது. இவற்றில் மூன்று இருந்தால் தள்ளாமை வந்துவிட்டது என்று அர்த்தம். ஒன்றோ இரண்டோ இருந்தால் வாசலில் நிற்கிறது. மூன்று உள்ளவர்கள் பின்வந்த வருடங்களில் அதிகம் விழுந்தார்கள், அதிகம் மருத்துவமனைக்குப் போனார்கள், அதிகம் இறந்தார்கள். கனடாவில் கென்னத் ராக்வுட் என்பவர் வேறு வழியாகப் போனார். மனிதனுக்குச் சேரும் குறைகளை எல்லாம் எண்ணிக் கூட்டிப் பார்த்து, 2005ல் ஏழு படிகள் கொண்ட ஓர் அளவுகோல் கொடுத்தார். பிறகு அது ஒன்பது படியாயிற்று. எந்த வழி சரி என்று அவர்களுக்குள் இன்னும் விவாதம் நடக்கிறது. எனக்கு ஃபிரீட் சொன்ன ஐந்துதான் வசதி, விரல் விட்டு எண்ணலாம்.

இந்த ஐந்தையும் நாம் வீட்டில் தினமும் பேசிக்கொண்டுதான் இருக்கிறோம், அறிகுறி என்று தெரியாமல். "அப்பாவுக்கு சட்டையெல்லாம் தொளதொளன்னு ஆயிடுச்சு." "ஊறுகாய் பாட்டில் மூடியைத் திறந்து குடு." "எதுக்கும் எழுந்திருக்க மனசு வரலை." "நீங்க முன்னால போங்க, நான் மெதுவா வரேன்." கடைசியில் சொன்னது என் வாக்கியம். கடற்கரைச் சாலையில் என் மனைவியிடம் சொல்ல ஆரம்பித்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. முழங்கால் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஆசியர்களான நமக்கு உடல் வாகு வேறு என்பதால் 2019ல் ஆசிய மருத்துவர் குழு ஒன்று தனி அளவுகள் வகுத்தது. டாக்டர் சொன்ன 12 வினாடி அதிலிருந்துதான். ஐந்து முறை எழுந்து உட்கார 12 வினாடியோ அதற்கு மேலோ ஆனால் யோசிக்க வேண்டும். நடை வினாடிக்கு ஒரு மீட்டருக்குக் குறைந்தாலும் அப்படியே. கெண்டைக்கால் சுற்றளவு ஆண்களுக்கு 34, பெண்களுக்கு 33 சென்டிமீட்டருக்குக் கீழே இருந்தால் சதை குறைந்திருக்கலாம். டேப் இல்லாவிட்டாலும் பரவாயில்லை; ஜப்பானில் ஒரு முறை வைத்திருக்கிறார்கள். இரண்டு கைகளின் கட்டைவிரலையும் ஆட்காட்டி விரலையும் சேர்த்து வளையமாக்கிக் கெண்டைக்காலைச் சுற்றிப் பிடியுங்கள். விரல்கள் தொட்டுக்கொண்டு நடுவில் இடைவெளி விழுந்தால் கவனம் தேவை. நான் பிடித்துப் பார்த்தேன், சரியாகத் தொட்டது. மனைவிக்கு விரல் எட்டவில்லை. கோலம் போடுகிற கால் ஆயிற்றே.

கோலம் என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். 2012ல் பிரேசிலில் ஒரு மருத்துவர் குழு, 51லிருந்து 80 வயதுவரை உள்ள 2,002 பேரைத் தரையில் உட்கார்ந்து எழச் சொல்லி மதிப்பெண் போட்டது. கையும் முழங்காலும் ஊன்றாமல் எழுந்தவர்கள் அதிக காலம் இருந்தார்கள். மதிப்பெண் குறைந்தவர்களிடம் சாவு அதிகம். நம் பெற்றோர் தினம் எத்தனை முறை தரையில் உட்கார்ந்து எழுந்தார்கள்! சாப்பிட, அரிவாள்மனையில் காய் நறுக்க, சாமி கும்பிட, கொல்லைப்புறம் போக. நாம் சாப்பாட்டு மேஜை வாங்கினோம், கட்டில் வாங்கினோம், அடுப்பை மேடையேற்றினோம், கழிப்பறையையும் நாற்காலி ஆக்கிவிட்டோம். முழங்கால் தேய்ந்தவர்களுக்கு இவை வேண்டியவைதான், குறை சொல்லவில்லை. ஆனால் அறுபது வயதில் நன்றாக மடங்குகிற கால்களோடு நான் எதற்காகத் தரையை விட்டேன் என்று யோசித்தால் எனக்குப் பதில் கிடைக்கவில்லை.

பெரிய அளவில் நடந்த ஆராய்ச்சி ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். 2014ல் அமெரிக்காவில் முடிந்தது. 70லிருந்து 89 வயதுவரை 1,635 பேர், எல்லாரும் உட்கார்ந்தே பழகியவர்கள். ஒரு பாதிக்கு நடை, கால் பலப் பயிற்சி, சமநிலைப் பயிற்சி. மறு பாதிக்கு உடல்நலச் சொற்பொழிவுகள். சுமார் இரண்டரை வருடத்துக்கு மேல் கவனித்தார்கள். 400 மீட்டர் நடக்க முடியாமல் போனவர்கள் சொற்பொழிவு கேட்டவர்களில் 35.5 சதவீதம், பயிற்சி செய்தவர்களில் 30.1 சதவீதம். வித்தியாசம் பிரமாதமில்லை. பயிற்சி செய்தும் மூன்றில் ஒருவருக்குக் கொஞ்சம் குறைவாக நடை நின்றுபோயிருக்கிறது. ஆனாலும் நூற்றுக்கு ஐந்து பேர் என்பது, எங்கள் தெருவில் உள்ள முதியவர்களைக் கணக்கெடுத்தால், பெயர் சொல்லக்கூடிய ஆட்கள். 400 மீட்டர் என்றால் காந்தி சிலையிலிருந்து துய்ப்ளே சிலைவரை போய் வருகிற தூரத்தில் பாதிகூட இல்லை.

பிரான்சில் துலூஸ் நகரில் 2011லிருந்து ஓர் ஏற்பாடு இருக்கிறது. குடும்ப வைத்தியருக்குச் சந்தேகம் வந்தால் முதியவரை ஒரு பகல் நேரப் பரிசோதனைக்கு அனுப்புவார். எடை, நடை, ஞாபகம், பார்வை, பல், மருந்துச்சீட்டு எல்லாவற்றையும் ஒரே நாளில் பார்த்து வைத்தியருக்கே திருப்பி எழுதி அனுப்புவார்கள். நம் பக்கம் டாக்டர் வி.எஸ். நடராஜன் 1978லேயே சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் முதியோருக்குத் தனிப் புறநோயாளிப் பிரிவு தொடங்கிவைத்தவர். முதுமை பற்றித் தமிழில் நிறைய எழுதியும் இருக்கிறார். ஆனாலும் நம் டாக்டர்களிடம் போனால் ரத்தம், சர்க்கரை, ஸ்கேன் எல்லாம் பார்ப்பார்கள். நாற்காலியிலிருந்து எழச் சொன்னவர் என் அனுபவத்தில் அந்த இளைஞர் ஒருவர்தான். அதற்கு அவர் காசும் வாங்கவில்லை.

அவர் எனக்குச் சொன்னது அதிகம் இல்லை. முதலில் இதயத்தையும் ரத்த அழுத்தத்தையும் பார்த்துக்கொண்டார். நீங்களும் உங்கள் டாக்டரைக் கேட்காமல் ஆரம்பிக்காதீர்கள். சுவரோரமாக நகராத நாற்காலி ஒன்றைப் போட்டு எட்டு முறை எழுந்து உட்கார வேண்டும். ஓய்வு எடுத்து மறுபடி எட்டு. எழும்போது மூச்சை அடக்கக் கூடாது. அடுப்பு மேடையைப் பிடித்துக்கொண்டு குதிகாலைத் தூக்கி இறக்குவது. ஒரு பாதத்துக்கு முன் இன்னொரு பாதத்தை வைத்து நிற்பது. சுலபமாகிவிட்டால் கையில் தண்ணீர் பாட்டில், அதுவும் சுலபமானால் இன்னும் கனம். சுலபமாகவே வைத்திருந்தால் பலம் ஏறாது, கொஞ்சம் கஷ்டப்பட வேண்டும் ஐயா என்றார். பாஸ்டன்காரர்கள் 80 சதவீதம் என்றதும் அதுதானே. நடைப்பயிற்சி தனி, அது இதற்கு மாற்று இல்லையாம். பத்து வருடமாகக் கடற்கரையில் நடந்தும் என் தொடை ஏன் இப்படி ஆயிற்று என்பது அப்போதுதான் விளங்கியது. சாப்பாட்டில் கிலோ எடைக்கு ஒரு கிராமுக்குக் குறையாமல் புரதம் வேண்டும் என்றார். நான் 62 கிலோ. ரசமும் ஊறுகாயும் வைத்து முடித்துவந்த இரவுச் சாப்பாட்டில் இப்போது பருப்போ மீனோ முட்டையோ இருக்கிறது. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கு இந்தக் கணக்கு வேறு.

இதையெல்லாம்விடக் கஷ்டம் வீட்டாரைச் சமாளிப்பதுதான். என் மருமகள் தங்கமான பெண். நான் நாற்காலியில் அசைந்தாலே, "மாமா, நீங்க உக்காருங்க, நான் எடுத்துட்டு வரேன்" என்று ஓடிவருவாள். காப்பி, பேப்பர், கண்ணாடி, மாத்திரை எல்லாம் உட்கார்ந்த இடத்துக்கு வரும். ஒரு நாள் உட்கார வைத்து அக்கா கதையைச் சொன்னேன். அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. மறுநாளிலிருந்து காப்பி சமையல்கட்டிலேயே இருக்கிறது, நான் போய் எடுத்துக்கொள்கிறேன். வருகிறவர்கள் முன்னால் மட்டும் அவளுக்குச் சங்கடம், மாமனாரை வேலை வாங்குகிறாள் என்று நினைப்பார்களாம். அப்போது மட்டும் காப்பி என்னிடம் வரும், நானும் பேசாமல் வாங்கிக்கொள்வேன்.

குமாஸ்தா புத்தி போகாது. ஒரு நோட்டில் எழுதிவைத்துக்கொண்டு வருகிறேன். சென்ற வைகாசியில் 19 வினாடி. புரட்டாசியில் 14. ஐப்பசி மழையில் மூன்று வாரம் ஒன்றும் செய்யாமல் உட்கார்ந்துவிட்டேன், மறுபடி பார்த்தால் 16. பாஸ்டனில் நாலு வாரத்தில் நடந்தது புதுச்சேரியில் மூன்று வாரத்தில் நடந்தது. தையிலிருந்து விடாமல் செய்து இப்போது 12க்கும் 13க்கும் நடுவில் ஆடிக்கொண்டிருக்கிறது. குண்டைக் குனிந்துதான் எடுக்கிறேன். சில நாள் இடுப்பு பிடித்துக்கொண்டால் காந்தம், அதில் வெட்கம் இல்லை.

இந்த மழைக்குள் மாடிப்படிக்கு இரண்டு பக்கமும் கைப்பிடிக் கம்பி போட்டுவிட வேண்டும். வெளியே நடக்க முடியாத நாளில் அதில் ஏறி இறங்கலாம். கிரில் பட்டறைக்காரர் அளவு எடுத்துக்கொண்டு போயிருக்கிறார், ஆவணி முகூர்த்த வேலைகள் முடியட்டும் ஐயா என்கிறார். நாளைக்கு மறுபடி போய்க் கேட்க வேண்டும். பட்டறை அரை கிலோமீட்டர், நடந்தேதான்.